சிவப்பு அட்டை இல்லாத கட்டு

அத்தியாயம் 14

மேஜையைத் துடைக்க வந்த லிஃப்ட்காரர், துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அட்டைகளை மூன்றாவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தார்.

பச்சை பன்னிரண்டு. மஞ்சள் பன்னிரண்டு. சிவப்பு ஒன்றுகூட இல்லை.

முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஒரு திருகு குறைந்தாலும் பெட்டியை மூட மாட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதமாகியும் இந்தக் குடியிருப்பில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லிஃப்ட்காரர்தான். அப்படிப்பட்டவர் வீட்டில் பன்னிரண்டு அட்டைகள் காணாமல் போயிருந்தன.

குளிர்பதனப் பெட்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். மிதியடியைத் தூக்கிப் பார்த்தார். தன் கருவிப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்துவிட்டார். தூசிதான் கிடைத்தது.

அந்த அட்டைகளின் கதை இதுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் நூலகத்து மாடியில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடக்கிறது. மருமகள் சேரப் போனபோது, வீட்டில் சும்மா இருந்து அலுத்துப்போன மாமனாரும் கூடவே போய்ச் சேர்ந்துகொண்டார். வகுப்பில் ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் கண்ணை மூடி ஓர் அட்டை எடுக்க வேண்டும். பச்சை வந்தால் ஆமோதிக்கணும். மஞ்சள் வந்தால் பாதி ஆமோதிக்கணும். சிவப்பு வந்தால், மனசுக்குள் எவ்வளவு ஒப்புதல் இருந்தாலும், மறுத்துப் பேசியே ஆகணும். மறுக்கும்போது 'ஏனென்றால்' என்று ஆரம்பித்து, கண்ணால் பார்த்த ஒரு விஷயத்தைக் காரணமாகச் சொல்லணும். வெறுமனே 'எனக்குப் பிடிக்கல' என்றால் டீச்சர் மேஜையைத் தட்டிவிடுவார்.

தான் வேலை பார்க்கும், செயற்கைப் பல் செய்கிற பல் லேப்பிலிருந்து வந்த காலி அட்டைப் பெட்டிகளை வெட்டி, மருமகள் வீட்டுக்கும் ஒரு கட்டு செய்திருந்தாள். ஏழு வாரமாக மாமனாரும் மருமகளும் சாப்பாட்டு மேஜையில் விளையாடினார்கள். முதல் ஆட்டத்துக்குப் பிறகு லிஃப்ட்காரர் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. வகுப்பில் இதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது காரணம் மேஜை மேல் கிடந்தது. பச்சையும் மஞ்சளுமாக.

குளியலறைக் கதவு திறந்தது. மருமகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"அம்மாடி, இந்தச் சிவப்பு அட்டையெல்லாம் எங்கே?"

அவள் கை நின்றது. "தொலைஞ்சு போச்சு போல மாமா."

"பன்னெண்டும் ஒரேயடியாவா? ஒண்ணுக்கொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டுப் போச்சா?"

அவள் சிரிக்கப் பார்த்தாள்; வரவில்லை. துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே நின்றாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"நான்தான் எடுத்து ஷூ பெட்டியில போட்டு வச்சேன்."

"எப்போ?"

"முதல் வாரமே."

முதல் வாரம் என்றதும் லிஃப்ட்காரருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர், மாடிப்படியைவிட லிஃப்ட்தான் பாதுகாப்பானது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவளுக்குச் சிவப்பு வந்தது. அழகாக மறுத்தாள். மின்சாரம் போனால் மாடிப்படி யாரையும் நடுவில் நிறுத்தி வைப்பதில்லை என்றாள். மகன் கைதட்டினான். லிஃப்ட்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனவர், அந்தச் சாயங்காலம் முழுக்க ஒரு ஸ்பானரைத் துணியால் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு உங்க முகத்தைப் பார்த்தேன் மாமா. விளையாட்டுக்காக எதுக்கு அந்த முகம்னு தோணுச்சு. அதான்."

லிஃப்ட்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

போன வாரம் லேப்பில் நடந்தது அவருக்கு இப்போதுதான் முழுசாக விளங்கியது. தூரத்து மருத்துவமனைகளின் டாக்டர்களோடு திரையில் பேசி, பல் அச்சு சரியா தப்பா என்று சொல்லும் பொறுப்புக்கு ஓர் ஆளைத் தேடுகிறார்கள். நான்கு வருஷமாக மெழுகிலும் பிளாஸ்டரிலும் பல் செதுக்குகிற மருமகளைவிட அதற்குத் தகுந்தவர் அங்கே யாரும் இல்லை. ஆனால் நேர்காணலில் வேண்டுமென்றே ஒரு தப்பான அச்சைக் கொடுத்து, 'சரியாக இருக்கிறதல்லவா' என்று பெரிய டாக்டர் ஆங்கிலத்தில் கேட்க, இவள் 'ஆமாம், நல்ல கருத்து' என்று தலையாட்டிவிட்டு வந்தாள். தப்பு என்று தெரிந்தே ஆட்டினாள். 'உங்க ஆங்கிலத்தில் குறையில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்கிறீர்களே' என்று சொல்லி, மேலாளர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்.

அந்த வாய்ப்பு இன்றைக்கு, மத்தியானம் மூன்று மணிக்கு. இன்றைக்கும் தலையாட்டினால் பக்கத்து மேஜைக்காரனுக்குப் போய்விடும்.

தலையாட்டப் பழக்கியது யார்? இந்த மேஜை. இந்த மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த ஆள்.

மணி ஒன்பதேகால். "உக்காரு," என்றார் லிஃப்ட்காரர். "இன்னைக்கு அட்டையே வேண்டாம். நான் என்ன சொன்னாலும் நீ மறுக்கணும்."

"என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும்."

ஆங்கிலத்துக்கு மாறியதும் இருவருக்கும் குரலே மாறிவிடும். முதுகு நிமிரும். கடிதம் எழுதுவது போல் பேசுவார்கள்.

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். "என்னுடைய கருத்தில், மழையில் குடை பிடிப்பவர்கள் கோழைகள்."

"அது... ஒரு நல்ல கருத்து. குடை பிடித்தால் கையும் வலிக்கும்."

"அம்மாடி!"

"ஐயோ, தானா வந்துடுச்சு மாமா. வேற சொல்லுங்க."

"என்னுடைய கருத்தில், பல் தேய்ப்பது வீண் வேலை."

அவள் உதட்டைக் கடித்தாள். கன்னம் சிவந்தது. "உங்கள் தரப்பை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது."

லிஃப்ட்காரர் ஒரே தாவலில் தமிழுக்கு வந்தார். "என்னத்தப் புரிஞ்சுக்கிட்டே? பல் லேப்ல வேலை பாக்கறவ! பல்லே தேய்க்காதேன்னு ஒருத்தன் சொல்றான், அதுல என்ன நியாயத்தைக் கண்டே?"

"யாரும் பல் தேய்க்கலன்னா எங்களுக்கு நிறைய வேலை வரும் மாமா."

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்துவிட்டாள். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"என்னுடைய கருத்தில், உங்கள் கணவர் சொல்வதெல்லாம் எப்போதும் சரி."

அவள் யோசித்தாள். "பெரும்பாலும் உடன்படுகிறேன்."

"மஞ்சள்! மஞ்சள் வரைக்கும் வந்துட்டே!" என்று மேஜையைத் தட்டினார். "இன்னும் ஒரு படிதான்."

அந்த ஒரு படியில்தான் ஏற முடியவில்லை. பூமி தட்டை என்றார். சில இடங்களில் அப்படித் தெரிகிறது என்றாள். தூக்கம் உடம்புக்குக் கெடுதல் என்றார். அதிகமானால் கெடுதல்தான் என்றாள். பதினொரு மணிக்கு அவர் சொல்வதற்கு அபத்தமே மிச்சமில்லாமல் போயிற்று. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "விடுங்க மாமா. எனக்கு இது வராது. அந்தப் பக்கத்து மேஜைக்காரனுக்கே போகட்டும்," என்றாள்.

அந்தக் குரல் அவருக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். எட்டு நாளாக வாசற்படி வரை வந்து திரும்பிக்கொண்டிருந்த விஷயம், ஆங்கிலத்தில் என்பதால் துணிந்து வெளியே வந்துவிட்டது.

"என்னுடைய கருத்தில், வயதானவன் தனியாக இருப்பதே எல்லோருக்கும் நல்லது. அடுத்த மாதம் முதல் நான் வேறு இடத்தில் வசிக்கப்போகிறேன்."

வாசகர்களுக்கு அந்த விஷயம் தெரியும். அடுப்பங்கரைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவர், 'இன்னொரு அறை இருந்தா நல்லா இருக்கும்' என்று மகன் சொன்னதையும், 'ம்' என்று மருமகள் சொன்னதையும் கேட்டார். மறுநாளே வெல்டர் நண்பர், தன் பட்டறைக்கு மேலே இருக்கும் அறையைத் இவர் கேட்காமலே நீட்டினார். லிஃப்ட்காரர் சாவியை வாங்கிக்கொண்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மருமகள் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"மன்னிக்கவும்," என்றாள் ஆங்கிலத்தில். "நான் உடன்படவில்லை."

"ஏன்?"

"ஏனென்றால் அது தவறு."

"அது காரணம் அல்ல. கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும்."

"சொல்கிறேன். ஏனென்றால், காலையில் நான் எழுந்திருக்கும்போது அடுப்பங்கரையில் விளக்கு எரிகிறது. அதைப் போட்டவர் நீங்கள். இருட்டில் எழுந்திருக்கும் வீட்டில் நான் வளர்ந்தேன்; எனக்கு அந்த விளக்கின் அருமை தெரியும். ஏனென்றால், என் சாப்பாட்டுப் பெட்டியின் மூடி இறுகினால் நீங்கள் அதற்கு எண்ணெய் விடுகிறீர்கள். அது லிஃப்டுக்கு விடும் எண்ணெய். எட்டு மாதமாக என் மதியச் சாப்பாட்டில் அந்த வாசம் அடிக்கிறது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை!"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் முடிக்கவில்லை. பிடிக்கவில்லை, ஆனால் அந்த மூடியை வேறு யார் கவனிக்கிறார்கள்? தனியாக இருப்பது எல்லோருக்கும் நல்லது என்கிறீர்கள். எல்லோருக்கும் என்றால் யார்? நான் அதில் இருக்கிறேனா? என்னைக் கேட்டீர்களா? நீங்கள் வீட்டைவிட்டுப் போவதை ஒரு கருத்து என்று சொல்கிறீர்கள். அது கருத்து அல்ல. முடிவு. கேட்காமல் எடுத்த முடிவு. அதை நான் முழுமையாக, உறுதியாக, கடைசி வரைக்கும் மறுக்கிறேன்."

வகுப்பில் சொல்லிக்கொடுத்த எல்லாச் சொற்களும் அதில் இருந்தன. சொல்லிக்கொடுக்காத சிலவும் இருந்தன.

அவள் மூச்சு வாங்கினாள். லிஃப்ட்காரர் நாற்காலியில் சாய்ந்தார். பதில் தேடினார். ஆங்கிலத்தில் இல்லை. தமிழிலும் இல்லை.

"தட்ஸ் எ குட் பாயிண்ட்," என்றார் கடைசியில்.

"நான் ஜெயிச்சுட்டேனா?"

"என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிட்டே."

அவள் முகம் மலர்ந்தது. உடனே சந்தேகமும் வந்தது. "இது பயிற்சிதானே மாமா? நிஜமா இல்லையே?"

மணி பதினொன்றரை. மூன்று மணிக்கு அவள் அந்த அறைக்குள் போக வேண்டும்.

"பின்னே? பயிற்சிதான்," என்றார் லிஃப்ட்காரர். "போய்க் கிளம்பு. நானும் துணைக்கு வர்றேன்."

*

லேப்பின் வரவேற்பறையில், சுவரோரம் முழுக்க பிளாஸ்டர் தாடைகள் அடுக்கியிருந்தார்கள். யாருடைய பற்களோ, வரிசை வரிசையாக அவரைப் பார்த்து இளித்தன. லிஃப்ட்காரர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிரே கண்ணாடி அறை. உள்ளே பேசுவது கேட்காது. பார்க்க மட்டும் முடியும். மருமகளின் பின்தலையும் ஒரு பக்கக் கன்னமும் தெரிந்தன. அவளுக்கு முன்னால் வெள்ளைக் கோட்டில் பெரிய டாக்டர். பக்கத்தில் மேலாளர். பெரிய டாக்டர் ஓர் அச்சைக் கையில் எடுத்து, விரலால் சுற்றிக் காட்டி, ஏதோ நீளமாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

மருமகளின் தலை அசைய ஆரம்பித்தது.

மேலும் கீழுமாக. ஒரு தடவை. இரண்டாவது தடவை.

நடு மாடியில் லிஃப்ட் நிற்கும்போது உள்ளே இருப்பவர்கள் எப்படி மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். இன்றைக்கு அவரே பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது ஆட்டத்தில் தலை கீழே இறங்கி, அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக இடப் பக்கம் திரும்பியது. வலப் பக்கம் திரும்பியது. அவள் கையை நீட்டி அச்சை வாங்கிக்கொண்டாள். கடைசிப் பல்லின் ஓரத்தை நகத்தால் தொட்டுக் காட்டினாள். பேசினாள். பெரிய டாக்டர் குறுக்கே ஏதோ சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள், மறுபடி பேசினாள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது போல் குனிந்து சிரித்தார்.

லிஃப்ட்காரர் பக்கத்தில் இருந்த தாடை ஒன்றைப் பார்த்துத் தானும் பல்லைக் காட்டினார்.

*

திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மருமகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

"முப்பது வருஷமா அச்சு பார்க்கறேன், இது சரியாத்தான் இருக்குன்னு பெரிய டாக்டர் சொன்னார் மாமா. அவ்வளவுதான், என் தலை தன்னால ஆட ஆரம்பிச்சுடுச்சு."

"பார்த்தேன். எனக்கு உயிரே போயிடுச்சு."

"அப்ப உங்க முகம் ஞாபகம் வந்துச்சு. காலையில பதில் இல்லாம உக்காந்திருந்தீங்களே, அந்த முகம். கோவமே இல்ல அதுல. ஒருத்தர்கிட்ட இல்லன்னு சொன்னா அவர் முகம் இவ்வளவுதான் மாறும்னா, சொல்லிட்டா என்னன்னு தோணுச்சு. அச்சு எடுக்கும்போது நோயாளி அசைஞ்சிருக்கார், இதை வச்சு பல்லுக்கு மேல மாட்டற கேப் செஞ்சா ஒரே வாரத்துல கழண்டு கையில வரும், திரும்ப எடுக்கச் சொல்லுங்கன்னு சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"திங்கக்கிழமை சொல்றோம்னார். ஆனா கை குலுக்கினார் மாமா! அவர் யாருக்கும் கை கொடுக்க மாட்டாராம்."

இவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவில் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, லிஃப்ட்காரருக்குச் செருப்புக்குள் கல்லை வைத்துக்கொண்டு நடப்பது போல் இருந்தது.

"அம்மாடி. காலையில ஒண்ணு சொன்னேனே. பயிற்சின்னு."

"ம்?"

"பயிற்சி இல்ல அது."

அவள் திரும்பிப் பார்த்தாள். பேருந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள், புறப்பட்டது. இன்னொரு நிறுத்தமும் போயிற்று. அவர் எல்லாவற்றையும் சொன்னார். வெல்டரின் அறை, சாவி, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டது.

"அன்னைக்கு அவன் சொன்னதுக்கு நீயும் 'ம்'னு சொன்னியேம்மா."

"மாமா, நான் அன்னைக்கு ரெண்டு ஷிஃப்ட் பார்த்துட்டு வந்து, அடுப்படியில நின்னுக்கிட்டே தூங்கிட்டிருந்தேன். வீடு தீப்பிடிச்சிருக்குன்னு சொல்லியிருந்தாலும் 'ம்'னுதான் சொல்லியிருப்பேன்."

அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"காலையில பேசினதை எல்லாம் திரும்பவும் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். ஆங்கிலத்துல நல்லாவே விளங்குச்சு."

"ஆங்கிலத்துல சொன்னா விளையாட்டுன்னு விட்டுடுவீங்க." அவள் முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நான்கு வருஷத்தில் அவரிடம் 'சரிங்க மாமா' தவிர வேறு எதையும் அவள் தமிழில் முடிவாகச் சொன்னதில்லை. "நீங்க போகக் கூடாது மாமா. நான் ஒத்துக்க மாட்டேன்."

லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த முறை அது கோபத்தால் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

சற்றுப் பொறுத்து, "அவருக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"உன் வீட்டுக்காரனுக்கா? ஒருத்தருக்கும் தெரியாது. அவன்கிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டு? அவன் எதுக்கும் மாட்டேன்னு சொன்னதே கிடையாது."

அவர்கள் படியேறி வந்தபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிற மகன், சீக்கிரமே வந்து மேஜையருகே நின்றுகொண்டிருந்தான். எல்லாருடைய வசதிக்கும் பேருந்து விட்டுப் பழகியவன்; தன் வசதி என்று எதையும் வாய்விட்டுக் கேட்டு அந்த வீடு பார்த்ததில்லை.

"எப்படிப் போச்சு?" என்று ஆவலாகக் கேட்டவன், இரண்டு முகங்களையும் பார்த்துக் குரலை இறக்கினான். "என்ன ஆச்சு?"

"லேப்ல நல்லாப் போச்சு," என்றாள் அவள். "ஆனா உங்க அப்பா அடுத்த மாசம் வீட்டை விட்டுப் போறாராம். வெல்டரோட பட்டறை மாடிக்கு."

அவன் அதிர்ச்சியடையவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். பிறகு நிமிர்ந்து அப்பாவை நேராகப் பார்த்தான்.

"தெரியும். அந்த அறையை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லி அவர்கிட்ட கேட்டதே நான்தான்பா."

லிஃப்ட்காரர் மகன் பக்கம் திரும்பினார்.

"நீயா?"

"நான்தான். உங்களை அனுப்பறதுக்காக இல்ல. ஆனா ஏன்னு இங்க நின்னு சொன்னா ரெண்டு பேரும் சேர்ந்து என்னை மறுத்துடுவீங்க." அவன் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். "வாங்க, அந்த அறையைப் பார்த்துட்டு வருவோம். உள்ளே என்ன இருக்குன்னு நீங்க இன்னும் பார்க்கலதானே அப்பா? பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க, என் கருத்து சரியா தப்பான்னு."

லிஃப்ட்காரர் மகனைப் பார்த்தார். முப்பத்தொரு வயது. இத்தனை வருஷத்தில், உனக்கு என்ன தோன்றுகிறது என்று அவனை ஒரு நாளாவது கேட்டோமா என்று யோசித்தார். கேட்டதாக ஞாபகம் இல்லை.

"நடப்பா," என்றார். "நீ சொல்லு, நாங்க கேக்கறோம்."

மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கினார்கள். மகன் முன்னால் போனான்.